செண்பகவல்லி முறை

காலை ஆறரை மணிக்கு இட்லியை அடுப்பில் ஏற்றிவிட்டுச் செண்பகவல்லி நிலவுக்குக் கிளம்பினாள். கிளம்புவதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டியதில்லை. பூசை அலமாரியை ஒட்டிய சின்ன அறைக்குள் போய், நாற்காலியில் சாய்ந்து, முழங்கை வரை வரும் உணர்வுறைகளை மாட்டி, முகமூடியை இழுத்துவிட்டால் போதும். மூன்றாவது வினாடியில் நிலவின் தென்முனையில், வெயிலே பட்டறியாத ஒரு பள்ளத்தின் விளிம்பில் நிற்பாள். இட்லியை இறக்க வேண்டியது அவள் கணவன் சுடலைமுத்துவின் பொறுப்பு. கோவில்பட்டியில் இதெல்லாம் ஒரு சங்கதியே இல்லை. அவள் தெருவில் மட்டும் நிலவில் வேலை பார்ப்பவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் மாடியில் குடியிருந்ததால், அவருக்கு மட்டும் வேலைக்குப் போகிற தூரம் கொஞ்சம் குறைவு என்று கேலி பேசுவார்கள்.

சோமநீர் நிறுவனம் அங்கே பனி வெட்டியது. நிலவில் குடியேறியிருந்த ஒன்பதாயிரம் பேர் குடிக்கவும் குளிக்கவும் அந்தப் பனிதான். ஏழாம் குழியின் அடியில் வெட்டுப்பொறிகள் அறுத்துப் போடும் அறையளவுப் பாளங்களைத் தூக்கி, தண்டவாளப் பெட்டியில் நோகாமல் உட்காரவைப்பது அவள் ஓட்டிய பதினாலாம் எண் பாரந்தூக்கியின் வேலை.

இதில் ஒரு தொல்லை உண்டு. ஒளி என்னதான் ஓட்டமாய் ஓடினாலும் நிலவுக்குப் போய்வர இரண்டரை வினாடி பிடிக்கும். கோவில்பட்டியில் அவள் விரலை மடக்கினால், அங்கே கொக்கி மடங்கியதை அவள் கண் பார்ப்பதற்குள் இரண்டரை வினாடி போயிருக்கும். பார்த்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் முதல் வாரமே பாளத்தைக் கீழே போட்டுவிட்டு முழிப்பார்கள். அடுத்து என்ன நடக்கும் என்பது ஓட்டுபவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். பக்கத்துப் பாரந்தூக்கிக்காரர் என்ன செய்யப்போகிறார் என்பதும் தெரிய வேண்டும்.

பக்கத்தில் இருந்தது பதினாறாம் எண். அதை ஓட்டியவர் மணப்பாட்டுக்காரர் இருதயராஜ். நாலு வருடமாக இரண்டு பேரும் அருகருகே வேலை பார்த்தார்கள். அந்த நாலு வருடத்தில் பேசிக்கொண்டது பதினோரு முறை. பதினோரு முறையும் கம்பிவடம் தேய்ந்ததைப் பற்றித்தான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள், அவள் தூக்கிய பாளம் அந்தரத்தில் விரிசல்விட்டுக் கொக்கியிலிருந்து நழுவியது. நிலவில் எதுவும் அவசரப்பட்டு விழாது. ஆனாலும் அவள் பார்த்தபோதே காரியம் கைமீறியிருந்தது. அப்போதுதான் கவனித்தாள், பதினாறாம் எண்ணின் கரம் ஏற்கெனவே பாளத்துக்கு அடியில் நீண்டிருந்தது. விழுந்த பிறகு நீட்டினால் எட்டியிருக்காது. அவள் தூக்குகிற விதத்தைப் பார்த்தே, இது நழுவும் என்று அந்த மனிதர் அவளுக்கு முன்னால் கணித்திருந்தார். நன்றி சொல்ல வேண்டுமென்று தோன்றியது, வாய் வரவில்லை. பஸ்ஸை மனிதர்கள் ஓட்டிய காலத்தின் கடைசி ஓட்டுநர்களில் அவள் அப்பாவும் ஒருவர். எட்டயபுரம் சாலையில் வழிவிடும் லாரிக்காரருக்கு ஸ்டியரிங்கிலிருந்து கையை லேசாகத் தூக்கிக் காட்டுவார். அந்த நினைப்பில் அவள் தன் பாரந்தூக்கியின் கரத்தை ஒரு முழம் தாழ்த்தி நிமிர்த்தினாள். ஐந்து வினாடி கழித்துப் பதினாறும் ஒரு முழம் தாழ்ந்து நிமிர்ந்தது.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஒரு பாளம் பத்திரமாகப் பெட்டியில் அமர்ந்தால் இவளிடமிருந்து ஒன்று, அவரிடமிருந்து ஒன்று. நாளைக்கு இருபது, இருபத்திரண்டு ஆகும். இதற்கு மேல் பேச்சு எதற்கு என்று இருவருக்குமே தோன்றியிருக்க வேண்டும். அந்தக் கரிய குளிருக்குள் எட்டு மணி நேரம் செண்பகவல்லி ரொம்பவும் சந்தோஷமாக இருந்தாள்.

வினை கலகலா வடிவில் வந்தது.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் ஒட்டுறவில்லாமல் போய்விடுகிறார்களே என்று நிறுவனங்கள் கவலைப்படத் தொடங்கி ஐம்பது அறுபது வருடம் ஆயிற்று. அந்தக் கவலைக்கு மருந்தாக வந்ததுதான் கலகலா என்னும் ஒட்டுறவுமானி. ஊழியர் எத்தனை முறை சிரித்தார், அரட்டை அறையில் எத்தனை சொல் பேசினார், யார் யார் பிறந்தநாளுக்குக் கேக் படம் அனுப்பினார், மேலாளர் சொன்ன ஜோக்குக்கு எத்தனை வினாடிக்குள் சிரித்தார் என்றெல்லாம் பார்த்து அது நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடும். மூன்று மாதம் தொடர்ந்து நாற்பதுக்குக் கீழே போனால், பாவம் தனிமையில் வாடுகிறார் என்று முடிவுகட்டி, அவர் இருக்கையைத் தானோட்டி என்கிற இயந்திர மூளையிடம் கொடுத்துவிட்டு ஊழியரை வரவேற்புப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மற்றவர்கள் விவரமானவர்கள். ஆளுக்கொரு பதிலி வாங்கிக்கொண்டார்கள். பதிலி என்பது நம் முகமும் குரலும் கொண்ட நிழலுரு; அரட்டை அறையில் நமக்காக உட்கார்ந்து சிரிக்கும், வாழ்த்தும், சபாஷ் போடும். செண்பகவல்லி மட்டும் வாங்கவில்லை. அவள் மதிப்பெண் முதல் மாதம் முப்பத்தொன்று, இரண்டாம் மாதம் முப்பத்து மூன்று. இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் நிலவு கைவிட்டுப் போய்விடும். அந்த நினைப்பு வந்தாலே அவளுக்குச் சோறு இறங்காது.

“ஒரு பதிலியை வாங்கிப் போட்டுட்டுப் பேசாம இரேன்,” என்றான் சுடலைமுத்து. அவன் வேறொரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். “என் பதிலிக்குக் குவாஹாட்டியில உயிர்த்தோழன் ஒருத்தன் இருக்கான். அவனும் பதிலிதான். ரெண்டும் சேர்ந்து போன மாசம் இந்த வருசத்தோட சிறந்த நண்பர்கள்னு பரிசு வாங்கிச்சு. நான் அந்நேரம் தூங்கிக்கிட்டிருந்தேன்.”

“எனக்குப் பதிலா ஒரு பொம்மை சிரிக்கும். அதைப் பாத்து இன்னொரு பொம்மை சிரிக்கும். நடுவுல நான் என்னத்துக்கு?”

“நீ வேண்டாம். அதான அதுல சௌகரியமே.”

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்கிறவளுக்கு வேலையே பதில் சொல்லும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கை எவ்வளவு பழையது என்று அவளுக்குத் தெரியாது.

மூன்றாம் மாதம் பாதியில் ஒரு பெண் நேரிலேயே வந்து வாசலில் நின்றாள். ஆபீஸிலிருந்து ஆள் நேரில் வருவதென்றால் அந்தக் காலத்தில் சாமானிய விஷயம் இல்லை. எதிர்வீட்டுக்காரி துக்கம் விசாரிக்கிற முகத்தோடு எட்டிப் பார்த்தாள். வந்தவள் பெயர் கவின்மொழி, சோமநீரின் ஒட்டுறவு அலுவலர், பொள்ளாச்சிக்காரி. இருக்கையைப் பறிக்குமுன் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி இருந்ததாம். அந்த வரியை யாரும் மதித்ததில்லை. இந்தப் பெண் மதித்து ஐந்து மணி நேரம் பயணம் செய்து வந்திருந்தாள்.

“நீங்க யார்கூடயும் பேசறதில்லைன்னு கலகலா சொல்லுதுங்க்கா. மனசுக்கு ஏதும் கஷ்டங்களா?”

“ஒரு கஷ்டமும் இல்லம்மா. உள்ள வா, நான் என்ன செய்யுதேன்னு நீயே பாரு.”

உபரி முகமூடியை மாட்டிக்கொண்டு கவின்மொழி பக்கத்தில் உட்கார்ந்தாள். அரை நாள் அசையாமல் பார்த்தாள். ஐந்தாவது பாளம் இறங்கியபோது கேட்டாள்.

“கையை அப்பப்ப இறக்கி ஏத்தறீங்களே, எதுக்குங்க்கா? ரிப்பேருங்களா?”

“ரிப்பேர்லாம் இல்ல. சும்மா.”

“அந்தப் பக்கத்து வண்டியும் அதே மாதிரி பண்ணுதுங்களே.”

செண்பகவல்லி வேலையை நிறுத்தாமலே நழுவிய பாளத்தின் கதையைச் சொன்னாள். கேட்டுவிட்டுக் கவின்மொழி ஏழாம் குழியின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தாள். மற்றக் குழிகளில் அறுபது பாளத்துக்கு ஒன்று உடைந்துகொண்டிருந்தது. பதினாலும் பதினாறும் மூன்று வருடத்தில் ஒன்றைக்கூட உடைக்கவில்லை. முகமூடியைக் கழற்றியபோது அவள் கண் கலங்கியிருந்தது. தன் சிரிப்புக்கும் ஒரு பதிலி வைத்திருந்த பெண் அவள். கூட வேலை பார்க்கும் ஒருவரின் கையை அப்படி அறிந்துவைத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளால் எண்ணிக்கூடப் பார்க்க முடியவில்லை.

“இதை நான் மேல எழுதறேங்க்கா. இத்தனை வருசமா நாங்க எதைத் தேடிட்டு இருந்தோமோ அது இங்கதான் இருக்குது.”

“எழுதி என்னத்துக்கும்மா? என் சீட்டை விட்டுவைக்கச் சொல்லு, அது போதும்.”

கவின்மொழி சொன்னபடி எழுதினாள். சீட்டு பிழைத்தது. செண்பகவல்லி வெகுநாள் கழித்து நிம்மதியாகச் சாப்பிட்டாள். அதோடு விட்டிருந்தால் எல்லாருக்கும் நல்லதாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஒரு நல்ல காரியம் தானாக நடப்பதைக் கண்டால், அதைப் பிடித்து அட்டவணையில் ஏற்றாமல் நிர்வாகங்களுக்குத் தூக்கம் வராது.

ஒரே மாதத்தில் தலைவணக்கத் திட்டம் அறிவிக்கப்பட்டது. கலகலாவில் அரட்டைக்கும் கேக்குக்கும் இனி மதிப்பெண் கிடையாது. பாரந்தூக்கியின் கரத்தை ஒரு முழம் தாழ்த்தி நிமிர்த்தினால் ஒரு புள்ளி. இதற்குச் செண்பகவல்லி முறை என்று பெயரும் வைத்தார்கள். விளம்பரத்துக்கு அவளிடம் புகைப்படம் கேட்டார்கள். அனுப்பினாள். வெளிச்சம் போதவில்லை என்று சொல்லிவிட்டு, இருபத்தைந்து வயதில் கன்னத்தில் குழி விழுகிற ஒரு பெண்ணை அவர்களே வரைந்துகொண்டார்கள்.

முதல் வாரம் இருநூற்று நாற்பது பாரந்தூக்கிகளும் பாளத்துக்கு ஒன்று என்று ஆசையாகத்தான் வணங்கின. சிலருக்கு அது உள்ளபடியே பிடித்துப்போனது என்றும் சொல்ல வேண்டும். இரண்டாம் வாரம் பாளத்துக்கு மூன்று ஆயிற்று. மூன்றாம் வாரம் சாத்தூரில் ஒரு கெட்டிக்காரர் ‘வணங்கி’ என்றொரு செயலியை எழுதி விற்றார். அதைப் போட்டுவிட்டால் ஓட்டுபவர் டீ குடிக்கப் போயிருந்தாலும் கரம் இருபது வினாடிக்கு ஒருமுறை தானே தாழ்ந்து நிமிரும். நிலவின் தென்முனையில் பாரந்தூக்கிகள் பனியை வணங்கின, தண்டவாளத்தை வணங்கின, காலிப் பெட்டிகளை வணங்கின. எதிரில் இருந்தது வணங்கிவிட்டதே என்று பதிலுக்கும் வணங்கின. பனி வரத்து கால்பங்கு குறைந்தது. நிலவு வாசிகள் ஒருநாள் விட்டு ஒருநாள் குளித்தார்கள். ஆனால் நிறுவனத்தின் ஒட்டுறவுக் குறியீடு வரலாறு காணாத உயரத்துக்குப் போய்விட்டது, அதனால் குளியலைப் பற்றி ஆண்டறிக்கையில் ஒன்றும் வரவில்லை.

பதினாலும் பதினாறும் மட்டும் பழையபடி பாளத்துக்கு ஒன்றோடு நின்றன. கலகலா மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தது. ஊழியரின் சராசரி, நாளொன்றுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது வணக்கம். செண்பகவல்லி, இருபத்தொன்று. நூற்றுக்கு இரண்டு மதிப்பெண் போட்டது.

கடிதம் அன்றே வந்துவிட்டது. “தாங்கள் தலைவணக்கத்தில் மிகவும் பின்தங்கியிருப்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். மதுரையில் நடைபெறும் ‘செண்பகவல்லி முறை: அடிப்படைப் பயிற்சி’ வகுப்பில் தாங்கள் கட்டாயம் கலந்துகொண்டு தேர்வு எழுத வேண்டும்.”

அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு கவின்மொழியை அழைத்தாள். கவின்மொழி பதவி உயர்வில் தலைமையகத்துக்குப் போய்விட்டிருந்தாள். பேசியது அவள் பதிலி. “உங்கள் உணர்வுகளை மிகவும் மதிக்கிறேன்,” என்று அதே பொள்ளாச்சிக் குரலில் அது சொன்னது. செண்பகவல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக நிறுவனத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள்.

மதுரை வகுப்பறையில் முப்பது பேர் இருந்தார்கள். அவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். ஒரு நாற்காலி தள்ளி, ஐம்பது தாண்டிய ஒருவர் பருத்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வருகைப் பதிவின்போது “இருதயராஜ், ஏழாம் குழி, பதினாறு” என்று கேட்டதும் அந்தக் கைகளில் ஒன்று உயர்ந்தது.

அவள் மெல்லத் திரும்பினாள். “நீங்கதானா பதினாறு?”

“ஆமா. நீங்க பதினாலோ?” அவர் அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். “இன்னும் ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“நானுந்தான் உங்கள அப்படி நெனச்சேன்.”

பயிற்சியாளர் அகிலேஷ் நல்ல பையன். சுவரில் கன்னக்குழிப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைக் காட்டி, செண்பகவல்லி தினமும் கண்ணாடி முன் நின்று பத்து முறை வணங்கிப் பழகிய கதையையும், அவருடைய ஏழு பொன்விதிகளையும் மனமுருகச் சொன்னான்.

“தம்பி, அந்தச் செண்பகவல்லி நான்தான்,” என்றாள் அவள். “நான் கண்ணாடி முன்னாடியெல்லாம் நின்னதில்ல.”

வகுப்பு சிரித்தது. அகிலேஷும் கோபப்படாமல் சிரித்தான். “போன வகுப்புலயும் ஒருத்தங்க இப்படித்தான் சொன்னாங்க அக்கா. பேர் ஒண்ணா இருக்கிறது உங்க அதிர்ஷ்டம். மனசு வச்சா நீங்களும் அவங்கள மாதிரி ஆகலாம்.”

சாயங்காலம் தேர்வு வைத்தார்கள். பதினேழாம் கேள்வி: செண்பகவல்லி முதன்முதலில் தலை வணங்கியது எதற்காக? குழு உணர்வை வளர்க்க, உற்பத்தியைப் பெருக்க, தலைமைப் பண்பை வெளிப்படுத்த, இவை அனைத்தும் என்று நாலு விடை கொடுத்திருந்தார்கள். அவள் நாலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் பேனாவால் எழுதினாள்: ‘அவர் கை கொடுத்தார், நான் கையைத் தூக்கிக் காட்டினேன்.’ தேற வேண்டிய மதிப்பெண் நாற்பது. அவள் எடுத்தது முப்பத்து நாலு.

அகிலேஷ் பக்கத்தில் வந்து குனிந்து, “அக்கா, அடுத்த தடவை இந்தக் கேள்வி வந்தா கண்ணை மூடிட்டு ஒரு நிமிஷம் செண்பகவல்லி மாதிரி யோசிச்சுப் பாருங்க. விடை தானா வந்துரும்,” என்றான். அவன் உண்மையான அக்கறையோடுதான் சொன்னான்.

தேர்வு முடிந்து இருவரும் டீக்கடைக்குப் போனார்கள். இருதயராஜ் ஆற அமரக் குடித்துக்கொண்டிருந்தார். அவரும் தேறவில்லை. முப்பத்தொன்று.

“சீட்டு போயிருமோன்னு பயமா இருக்கு,” என்றாள்.

“போவாது. விதிப் புத்தகத்துல நாப்பத்தாறாவது விதி படிச்சீங்களா?”

“அதெல்லாம் யாரு படிப்பா?”

“நான் படிச்சேன். பயிற்சியில இருக்கிறவங்க தேறுற வரைக்கும் அவங்க இருக்கையில யாரும் கை வைக்கக் கூடாது. தேறலன்னா அடுத்த மாசம் மறுபடி பயிற்சி. அது எத்தனை மாசத்துக்குன்னு எழுத மறந்துட்டானுவ.” டம்ளரை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். “நான் முப்பத்தொண்ணு வாங்குனது தெரியாமயா?”

செண்பகவல்லி ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கியவள் கண்ணில் நீர் வருகிற வரை சிரித்தாள். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பழைய கலகலா அங்கே இருந்திருந்தால் அந்த ஒரு சிரிப்புக்கே ஒரு வருட மதிப்பெண் போட்டிருக்கும்.

இது நடந்து பதினேழு மாதமாகிறது. சிறப்பு நிலையில் தேறிச் சான்றிதழ் வாங்கிய இருநூற்று முப்பத்தெட்டுப் பேரின் இருக்கைகளும் இப்போது தானோட்டியிடம் இருக்கின்றன. வணங்குவதுதான் வேலையென்றால் அதை மனிதர்களைவிட இயந்திரம் இன்னும் நன்றாகச் செய்யுமே என்று யாரோ ஒரு கூட்டத்தில் எடுத்துச் சொன்னார்களாம். நிலவில் மனிதர்கள் ஓட்டும் பாரந்தூக்கிகள் இரண்டே இரண்டுதான் மிச்சம். தானோட்டி நாள் முழுக்க வணங்கிக்கொண்டே இருப்பதால், அங்கே குளிக்க வருகிற தண்ணீரில் பெரும்பகுதி அந்த இரண்டும் தூக்கிக் கொடுப்பது. அவற்றை ஓட்டுபவர்கள் இன்னும் தேர்ச்சி பெறாதவர்கள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை இருவரும் மதுரைக்குப் போகிறார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து பொன்விதிகளைக் கேட்கிறார்கள். டீ குடிக்கிறார்கள். சென்ற சனிக்கிழமை செண்பகவல்லி கொஞ்சம் அசந்துவிட்டாள், முப்பத்தொன்பது வந்துவிட்டது. விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அகிலேஷ் ரொம்ப நேரம் யோசித்தான். பதினேழு மாதமாக விடாமல் வந்து போகிற இந்த அம்மாள் மேல் அவனுக்கு நிஜமாகவே இரக்கம் வந்துவிட்டது.

“ஒரே ஒரு மார்க் தானேக்கா. நான் கருணை மதிப்பெண் போட்டுப் பாஸ் பண்ணி விட்டுறவா?”

செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டென்று சுதாரித்துக்கொண்டு விடைத்தாளை அவன் கையிலிருந்து பக்குவமாக வாங்கிக்கொண்டாள்.

“வேண்டாம் தம்பி, அது தப்பு,” என்றாள். “எனக்கு இன்னும் வணங்கத் தெரியல. நல்லாப் படிச்சு, நேர்மையாவே பாஸ் பண்ணுதேன்.”

அகிலேஷ் நெகிழ்ந்துபோனான். அடுத்த மாத வகுப்புப் பட்டியலில் முதல் பெயராக அவள் பெயரை எழுதிக்கொண்டான்.